எண்ணி வைத்தால் காசாகிவிடாது

பயணப் புள்ளிகளைப் பற்றி ஒரு கருத்து நம்மிடையே கேள்வி கேட்பாரின்றி ஊறிப்போயிருக்கிறது. விமான நிறுவனமும் ஓட்டலும் கிரெடிட் கார்டும் தரும் புள்ளிகள் காசுக்குச் சமம். அவற்றைக் கணக்கு வைக்காதவர் ஏமாளி. எல்லாக் கணக்குகளையும் ஒரே திரையில் காட்டும் இணையக் கருவி ஒன்றில் சேர்ந்துவிட்டால் ஒரு புள்ளிகூட வீணாகாது, ஒருநாள் பிசினஸ் கிளாஸில் ஓசியில் பறக்கலாம். யூடியூபில் தமிழில் பேசும் நிதி ஆலோசகர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பொறியாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இது வேதவாக்கு.

நான் இதை ஏற்கவில்லை. புள்ளி சேமிப்பே அல்ல. அது கொடுத்தவன் கையிலேயே இருக்கும் ஒரு வாக்குறுதி. அவன் நினைத்தால் நாளைக்கே அதன் மதிப்பைப் பாதியாக்கலாம், அதற்கு நம் சம்மதம் தேவையில்லை. அதை எத்தனை அழகான கருவியில் எண்ணி வைத்தாலும் சேமிப்பாக மாறாது. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: அந்த எண்ணிக்கையைத் தினமும் பார்க்க வைப்பதாலேயே கருவி நம்மைச் செலவழிக்க விடாமல் சேர்க்க வைக்கிறது, இழப்பையும் பெரிதாக்குகிறது.

காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு மைல் கணக்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இந்த ஊரைச் சமீபத்தில் பார்க்காதவர்கள். பட்டு நூலுக்குப் பெங்களூரு, ஜரிகைக்குச் சூரத் என்று காந்தி ரோட்டுக் கடைக்காரர்கள் போய்வந்துகொண்டே இருக்கிறார்கள். சேலைப் பெட்டியோடு சிங்கப்பூர், மலேசியா கண்காட்சிகளுக்குப் பறப்பவர்கள் உண்டு. பிள்ளைகளை அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் வைத்திருக்கும் வீடுகள் தெருவுக்கு ஒன்றாவது தேறும்.  

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி இருக்கிறார்கள். மகன் அமெரிக்காவில். பேரனைப் பார்க்கப் போன ஒவ்வொரு முறையும் எந்த நிறுவனத்தில் டிக்கெட் மலிவோ அதில் போனார்கள். ஒவ்வொன்றிலும் மகன் அவர்கள் பெயரில் கணக்குத் திறந்து, எல்லாவற்றையும் ஒரு கண்காணிப்புக் கருவியில் இணைத்து, டேப்லெட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறான். திரையைப் பார்த்தேன். இடப்பக்கம் நிறுவனங்களின் சின்னங்கள், நடுவில் இருப்பு, வலப்பக்கம் காலாவதித் தேதி. தேதி தள்ளி இருந்தால் பச்சை, நெருங்கினால் சிவப்பு. மேலே மொத்த மதிப்பு என்று ரூபாயில் ஒரு தொகை. பார்க்கப் பார்க்க மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது. அந்த அம்மா மட்டும் மகனிடம் வீடியோ காலில் கேட்டாராம்: “ஏண்டா, இதுல இருக்கறத வெச்சு நானும் அப்பாவும் ஒருதடவ திருச்சிக்காவது போய்ட்டு வர முடியுமா?” முடியாது. ஏழு கணக்கு, ஏழு எண்ணிக்கை, எதுவும் ஒரு டிக்கெட்டுக்குக் காணாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் வழியில்லை. மேலே மின்னும் அந்த மொத்தத் தொகை எந்த ஊர்ச் சந்தையிலும் செல்லாத தொகை.

கருவியை ஆதரிப்பவர்கள் இந்த இடத்தில், அது மகனின் பிழை, ஒரே கூட்டணியில் சேர்த்திருக்க வேண்டும் என்பார்கள். அதாவது மலிவான டிக்கெட்டை விட்டுவிட்டு, புள்ளிக்காகக் கூடுதல் விலை கொடுத்து ஒரே நிறுவனத்தில் போயிருக்க வேண்டும். இதைத்தான் அந்த நிறுவனங்களும் விரும்புகின்றன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியதே, விலை ஒப்பிட்டு நிறுவனம் மாறும் பயணியைக் கட்டிப்போடத்தான். காலியாகப் போகும் இருக்கையைக் கொடுப்பதில் நிறுவனத்துக்குப் பெரிய செலவில்லை, பயணிக்கோ ஓசி டிக்கெட் கிடைத்த பூரிப்பு. அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் சுவாரசியம். பயணமே செய்யாதவர்களுக்கும் கார்டு வழியாகப் புள்ளி தரலாம் என்று வங்கிகள் கண்டுகொண்டன, விமான நிறுவனங்கள் வங்கிகளுக்குப் புள்ளிகளை மொத்த விலைக்கு விற்கத் தொடங்கின.

அந்த வியாபாரம் எவ்வளவு பெரிது என்பது கொரோனா காலத்தில் வெட்டவெளிச்சமானது. 2020-இல் யுனைடெட் தன் புள்ளித் திட்டத்தை அடமானம் வைத்து 680 கோடி டாலர் கடன் வாங்கியது. டெல்டா அதே ஆண்டு 900 கோடி டாலர். 2021-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1,000 கோடி டாலர். விமானங்கள் தரையில் நின்ற நாட்களில் கடன் கொடுத்தவர்கள் பணம் தந்தது இந்தத் திட்டங்களை நம்பித்தான். ஆகப் புள்ளி சொத்துதான், மறுக்கவில்லை. யாருடைய சொத்து என்பதுதான் கேள்வி. டெல்டா அதை வைத்துக் கடன் வாங்கலாம். நீங்கள் உங்கள் மைல்களைக் கொண்டுபோய்ச் சின்ன காஞ்சிபுரத்துக் கூட்டுறவு வங்கியில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாம் செலவழிக்காமல் வைத்திருக்கும் புள்ளிகள் அந்த நிறுவனங்களின் ஏட்டில் தீர்க்க வேண்டிய பொறுப்பாக எழுதப்படுகின்றன. பொறுப்பைக் குறைக்க எளிய வழி, ஒரு டிக்கெட்டுக்குக் கேட்கும் புள்ளியை உயர்த்திவிடுவது. அதைச் செய்யும் உரிமையை நாம் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று படிக்காமல் அழுத்திய விதிகளிலேயே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

நம் நாட்டுக் கதைகளையே எடுத்துக்கொள்வோம். கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் 2012 அக்டோபரில் முடங்கியது. கிங் கிளப் உறுப்பினர்களின் மைல்கள் அதோடு போயின. பணமாகக் கடன் கொடுத்த வங்கிகளாவது நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கின, மைல்களை வைத்திருந்தவர்களுக்கு அந்த வரிசையில் நிற்கக்கூட இடமில்லை. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி பறப்பதை நிறுத்தியது. நியாயமாகச் சொல்ல வேண்டும், அதன் புள்ளித் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததாலும், அதில் பெரும்பங்கு எத்திஹாத் கையில் இருந்ததாலும் புள்ளிகள் அன்றே மறைந்துவிடவில்லை. அதே ஆண்டு இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறி அவை தொடர்ந்தன. ஆனால் ஜெட்டில் பறக்கச் சேர்த்தவருக்கு ஜெட் இல்லை. கண்காணிப்புக் கருவியைக் கேட்டால், 17-ஆம் தேதியும் 18-ஆம் தேதியும் ஒரே எண்ணிக்கையைத்தான் காட்டியிருக்கும்.

ஏர் இந்தியா 2024 ஏப்ரலில் தன் ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ் திட்டத்தை மாற்றி, பறந்த தூரத்துக்குப் புள்ளி என்றிருந்ததைச் செலவழித்த ரூபாய்க்குப் புள்ளி என்றாக்கியது. அதே ஆண்டு நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தது. கிளப் விஸ்தாரா புள்ளிகள் எண்ணிக்கை குறையாமல், ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸின் புதிய பெயரான மகாராஜா கிளப்புக்குப் போயின. இதில் மோசடி எதுவும் இல்லை. ஆனாலும் விஸ்தாராவின் விதிகளை மனதில் வைத்துக் கணக்குப் போட்டுச் சேர்த்தவர் ஒரே இரவில் வேறொரு நிறுவனத்தின் விதிகளுக்குள் போய் விழுந்தார். கார்டுகள் பக்கம் வந்தால், ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் 5 புள்ளிக்கு 4 மைல் என்று இருந்த மாற்று விகிதம் 2023 செப்டம்பர் 1 முதல் 5 புள்ளிக்கு 2 மைல் ஆனது. அந்தக் கார்டை ஆகா ஓகோ என்று புகழ்ந்த அதே யூடியூப் வாய்கள் மறுவாரம் ஒப்பாரி வைத்ததைக் கேட்டவர்கள் இருப்பீர்கள். ஒரு லட்சம் புள்ளி வைத்திருந்தவரிடம் 80,000 மைலாக இருந்தது 40,000 மைலாகச் சுருங்கியது. கருவியின் திரையில் அந்த ஒரு லட்சம் அப்படியே பச்சை நிறத்தில் நின்றது.

எண்ணிக்கையைக் காட்டும் கருவிக்கு மதிப்பைக் காட்டத் தெரியாது என்பதே இதன் பொருள். “இல்லை, எங்கள் கருவி ரூபாய் மதிப்பையும் காட்டுகிறது” என்பார்கள். அந்த மதிப்பு எப்படி வருகிறது? பல சமயம் அது ஆகச் சிறந்த பயன்பாட்டை, நீண்டதூர பிசினஸ் கிளாஸ் இருக்கை போன்றதை வைத்துப் போட்ட கணக்கு. மூன்று லட்ச ரூபாய் டிக்கெட்டைப் புள்ளியில் வாங்கினால் மூன்று லட்சம் மிச்சம் என்கிறது அது. தன் காசு போட்டு மூன்று லட்சத்துக்கு ஒருநாளும் டிக்கெட் வாங்கப்போகாத குடும்பத்துக்கு அதில் மூன்று லட்சம் மிச்சமாவது எப்படி? மிச்சமாவது எக்கானமி டிக்கெட்டின் விலைதான். அதிலும் வரிகளையும் கட்டணங்களையும் பல சமயம் ரொக்கமாகக் கட்ட வேண்டும்.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். புள்ளிகள் காலாவதியாகின்றன, மறந்துபோகிறோம், கருவி நினைவூட்டுகிறது. உண்மை. அவார்ட்வாலட் போன்ற கருவிகள் இருபது ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான திட்டங்களுக்கு இந்த வேலையை ஒழுங்காகவே செய்து வருகின்றன. மாதத்தில் பாதி நாள் விமானத்திலும் ஓட்டலிலும் கழிப்பவருக்கு, நிறுவனச் செலவில் பறந்து புள்ளியைச் சொந்தக் கணக்கில் வாங்குபவருக்கு, இருபது கணக்குகளைக் கையாள்பவருக்கு அது தேவைதான். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

ஆனால் இங்கே கருவி விற்கப்படுவது அவர்களுக்கா? ஆண்டுக்கு இரண்டு முறை பறக்கும் குடும்பத்துக்கு. மூன்று கணக்கு வைத்திருப்பவருக்குக் காலண்டரில் மூன்று குறிப்பு போதும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கணக்குதான் இது. தவிர, சிவப்பு எழுத்தில் வரும் எச்சரிக்கையைக் கண்டு மனிதர் செய்வதென்ன என்று கவனித்துப் பாருங்கள். புள்ளியைச் செலவழிப்பது குறைவு. கணக்கை உயிரோடு வைக்க ஏதாவது ஒன்றை வாங்குவது, கார்டைத் தேய்ப்பது, தேவையில்லாத ஓட்டல் இரவு ஒன்றைப் போடுவது, இவைதான் அதிகம். 900 ரூபாய் பெறாத புள்ளியைக் காப்பாற்ற 3,000 ரூபாய் செலவு. காலாவதி என்பது நிறுவனம் வைத்திருக்கும் தூண்டில். நினைவூட்டல் என்ற பெயரில் கருவி அதைச் சரியான நேரத்தில் நம் முன்னால் ஆட்டுகிறது.

அடுத்தது கடவுச்சொல். இதைப் பற்றி ஆலோசகர்கள் பேசுவதே இல்லை. கருவி நம் கணக்கில் எட்டிப் பார்க்க வேண்டுமானால் பல திட்டங்களில் நம் உறுப்பினர் எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். பல திட்டங்களின் விதிகள் மூன்றாம் ஆளிடம் கடவுச்சொல் தருவதைத் தடுக்கின்றன. அமெரிக்கன், டெல்டா, சவுத்வெஸ்ட், யுனைடெட் போன்ற நிறுவனங்கள் வெவ்வேறு சமயங்களில் இத்தகைய கருவிகளுக்குக் கதவடைத்தன. 2022 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், தி பாயிண்ட்ஸ் கை செயலியின் உரிமையாளர் மீது இதற்காகவே வழக்குத் தொடுத்தது. கதவடைத்த திட்டங்களில் உறுப்பினரே கையால் எண்ணைப் பதிய வேண்டியதாகிறது. அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதாதா?

எட்டிப் பார்ப்பதில் என்ன ஆபத்து என்று கேட்டால் இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். 2015 மார்ச்சில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் பல்லாயிரம் உறுப்பினர் கணக்குகளில் வெளியாட்கள் நுழைந்தார்கள். வேறெங்கோ கசிந்த கடவுச்சொற்களைக் கொண்டு நுழைந்ததாக நிறுவனம் சொன்னது. 2021 மே மாதம் ஏர் இந்தியா, உலகெங்கும் ஏறத்தாழ 45 லட்சம் பயணிகளின் விவரங்கள் கசிந்ததை அறிவித்தது. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம் ஆகியவற்றோடு உறுப்பினர் திட்டத் தரவுகளும் அதில் இருந்தன. அதில் கடவுச்சொற்கள் போகவில்லை என்பது ஒரு ஆறுதல். பெரிய நிறுவனங்களின் நிலையே இது என்றால், எல்லாத் திட்டங்களின் சாவிகளையும் ஒரே கொத்தாக்கி ஓரிடத்தில் கொடுப்பது கெட்டிக்காரத்தனமா?

வங்கிப் பணம் திருடுபோனால் நமக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கைப்படி, நம் பிழையில்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் நாம் புகார் செய்தால் நமக்கு இழப்பில்லை. பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட்டுக்குக்கூட அழிவில்லை. அது ரிசர்வ் வங்கி நடத்தும் நிதிக்குப் போகிறது, 2023 ஆகஸ்டில் தொடங்கிய உத்கம் தளத்தில் பெயர் போட்டுத் தேடி, அந்தந்த வங்கியிடம் கேட்டு மீட்கலாம். நகைக் கடைச் சீட்டைப் பாருங்கள், ஏன் பதினொரு மாதத்தோடு முடிகிறது? பொருளுக்கென்று வாங்கிய முன்பணத்தைக் கம்பெனி 365 நாளுக்குள் பொருளாகத் தராவிட்டால் அது டெபாசிட்டாகிவிடும் என்று 2014-ஆம் ஆண்டு விதி சொல்வதால். வங்கிகளும் வாலட் நிறுவனங்களும் தரும் ப்ரீபெய்டு கார்டுக்குக் குறைந்தது ஓராண்டு ஆயுள் வேண்டும், முடியும் முன் எச்சரிக்க வேண்டும் என்றும் விதி உண்டு. பயணப் புள்ளிக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. கடவுச்சொல்லே கேட்காமல், நம் ஒப்புதலின் பேரில் வங்கி, காப்பீடு, மியூச்சுவல் ஃபண்டு விவரங்களை ஒரே இடத்தில் காட்டும் அக்கவுன்ட் அக்ரிகேட்டர் ஏற்பாடு 2021 செப்டம்பரிலேயே நம் நாட்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த வட்டத்திலும் புள்ளிகள் இல்லை. சட்டம் காசு என்று கருதும் எதற்கும் இருக்கும் காவல் புள்ளிக்கு இல்லை என்றால், சட்டத்தின் கண்ணில் அது காசு இல்லை. ஆலோசகர்களின் கண்ணில் மட்டும் எப்படிக் காசானது?

அதற்கு விடை அவர்களுடைய வருமானத்தில் இருக்கிறது. காணொளிக்குக் கீழே இருக்கும் சுட்டியை அழுத்தி நீங்கள் கார்டு வாங்கினால் அவர்களுக்குத் தொகை வரும். ஓசியாகக் கிடைக்கும் கண்காணிப்புக் கருவிகள் பலவற்றின் பிழைப்பும் அதே கார்டு விளம்பரத்தில்தான். உங்களிடம் என்ன கார்டு இருக்கிறது, எங்கே எவ்வளவு புள்ளி குறைகிறது என்று தெரிந்துவைத்திருக்கும் கருவியைவிட நல்ல கார்டு விற்பனையாளர் யார்?

இனி, இந்தப் புள்ளிக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். காஞ்சிபுரத்துக்குச் சாமி கும்பிட வருபவர்கள் ஒரு காட்சியை மறக்க மாட்டார்கள். ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும் ஒருவர் கூடவே நடப்பார். கோயிலைச் சுற்றிக் காட்டுவார், காசு வேண்டாம் என்பார், கடைசியில் ஒரு பட்டுக்கடையில் கொண்டுபோய் நிறுத்துவார். அவருக்குக் கமிஷன் கடைக்காரரிடமிருந்து வரும். கடைக்காரருக்கு அது எங்கிருந்து வரும்? சேலை விலையிலிருந்து. கார்டுப் புள்ளியும் இந்தக் கமிஷன்தான். ஒரே வித்தியாசம், இங்கே கமிஷனில் ஒரு துணுக்கை நம் கையிலேயே கொடுத்து, “இது உனக்குப் பரிசு” என்கிறார்கள்.

காந்தி ரோட்டில் கல்லாவில் உட்காரும் நண்பர் ஒருவர் இதை எனக்குத் தாளில் போட்டுக் காட்டினார். 30,000 ரூபாய் சேலைக்கு வாடிக்கையாளர் கிரெடிட் கார்டை நீட்டுகிறார். கார்டு மெஷின்காரர்களுக்குக் கடை தரும் கட்டணம் ஏறத்தாழ 2 சதவீதம், அதாவது 600 ரூபாய். வாடிக்கையாளரின் கார்டு 100 ரூபாய்க்கு 2 புள்ளி தருகிறது, ஒரு புள்ளி 25 பைசா பெறும் என்று வைத்தால் அவருக்கு வருவது 600 புள்ளி, அதாவது 150 ரூபாய். கடை கொடுத்தது 600, வாடிக்கையாளர் கண்டது 150. மீதி வங்கிக்கும் கார்டு நிறுவனத்துக்கும். அடுத்து வருபவர் தன் வங்கிக் கணக்கிலிருந்து ஜீபேயில் அனுப்புகிறார். அதற்குக் கடைக்குக் கட்டணமே இல்லை, 2020 ஜனவரி முதல் யூபிஐக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அவரும் அதே 30,000 கொடுக்கிறார். “ரெண்டு பேருக்கும் ரெண்டு ரேட்டு எழுத முடியுமாங்க?” என்றார் நண்பர். அவர் தாளை மடித்தபடி சொன்ன இன்னொரு சங்கதிதான் எனக்கு உறைத்தது: “ரொக்கமா தர்றேன், ஐநூறு குறைச்சுக்கோங்கன்னு வாய்விட்டுக் கேட்டா நான் குறைச்சுடுவேன். யாரும் கேக்கறதில்ல. பாயிண்டு வரும்னு கார்டக் குடுக்கறாங்க.” பில் போட்டு, ஜிஎஸ்டி கட்டியபடியே கேட்கலாம், இதில் ஒளிவுமறைவு தேவையில்லை. 150 ரூபாய்ப் புள்ளிக்காக 500 ரூபாயைக் கேட்காமல் விடுவதற்குத்தான் நாம் சாமர்த்தியம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

“யூபிஐயில் கொடுத்தாலும் விலை அதேதான் என்றால், நான் மட்டும் ஏன் புள்ளியை விட வேண்டும்?” இது நியாயமான கேள்வி. விட வேண்டாம். வருவதை வாங்கிக்கொள்ளுங்கள், அன்றே தீர்த்துவிடுங்கள். கார்டு பில்லில் கழிக்கும் வசதி இருந்தால் கழியுங்கள், நேராக ரூபாயாகத் திருப்பித் தரும் கார்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதற்கு மைல் விகிதத்தைவிட மதிப்பு குறைவு என்று ஆலோசகர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். இன்று கையில் வரும் 25 பைசா, இரண்டு வருடம் கழித்து வரலாம் என்று சொல்லப்படும் ஒரு ரூபாயைவிடப் பெரிது. அந்த இரண்டு வருடத்தில் விதியை எழுதும் பேனா நம் கையில் இல்லை. இப்படித் தீர்த்துக்கொண்டே வருபவருக்குக் கண்காணிக்க என்ன மிஞ்சும்?

ரூபாய்க்கு இவ்வளவு என்று சேர்வதை நான் எதிர்ப்பதாக நினைக்க வேண்டாம். இதே ஊரில் அப்படி ஒரு ஏற்பாடு 1975-இலிருந்து நடக்கிறது. கூட்டுறவு கைத்தறி நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம். பட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்யும் நெசவாளி தன் கூலியில் ரூபாய்க்கு 8 பைசா போட, அரசு 4 பைசா சேர்க்கிறது. ஆயிரம் ரூபாய் கூலிக்கு இவர் 80, அரசு 40. அதற்கு வட்டியும் உண்டு. சேர்வது ரூபாய், திரும்புவதும் ரூபாய். 4 பைசா நாளைக்கு 2 பைசாவுக்குத்தான் செல்லும் என்று எந்த அதிகாரியும் குறுஞ்செய்தி அனுப்ப முடியாது. தனியார் முதலாளிகளுக்கு நெய்யும் ஏராளமான தறிக்காரர்கள் இதற்கு வெளியே நிற்கிறார்கள் என்பது பெரிய குறை, அதைத் தனியாகவே எழுத வேண்டும். ஆனால் சேமிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வேறு ஊரில் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

பயணச் சலுகையிலும் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. அரசுப் பேருந்துகளில் முன்பதிவு செய்து ஒரே மாதத்தில் ஐந்து முறைக்கு மேல் போகிறவர்களுக்கு அதற்கடுத்த பயணங்களில் பாதிக் கட்டணம் என்று 2023-இல் அறிவித்தார்கள். சலுகை அந்த மாதத்திலேயே, அதே டிக்கெட்டிலேயே தீர்கிறது. சேர்த்து வைக்க ஏதுமில்லை, அழுகிப்போகவும் ஏதுமில்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். ஊடை சுற்றும் பெண்ணிடம் யாரும் உறுப்பினர் எண் கேட்கவில்லை.

இதைவிடப் பெரிய ஒன்றை நாம் கையில் வைத்திருந்தோம். ரயிலில் 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம் கட்டணக் குறைப்பு. நான் சொன்ன அந்த ஆசிரியத் தம்பதிக்கு ஆயிரம் ரூபாய் அடிப்படைக் கட்டணத்தில் முறையே 400, 500 மிச்சம், வயதைத் தவிர வேறெதையும் சேர்க்காமல். அதை 2020 மார்ச் 20 அன்று கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலுமாவது திரும்பத் தரலாம் என்று நாடாளுமன்றத்தின் ரயில்வே நிலைக்குழுவே பரிந்துரைத்தது. தரவில்லை. நடுத்தர வீடுகள் இந்த இழப்பைப் பற்றிப் பேசியதைவிட எந்தக் கார்டில் லவுஞ்ச் கிடைக்கும் என்று பேசியது அதிகம். ஏழு கணக்குகளில் சிதறிக் கிடக்கும் புள்ளிகளைக் காக்கக் கருவி தேடுகிறோம். லட்சக்கணக்கான முதியவர்களிடமிருந்து ஒரே உத்தரவில் எடுத்தது எந்தத் திரையிலும் சிவப்பாக எரியவில்லை.

ஆகவே வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். கண்காணிப்புக் கருவிக்குக் கொடுத்த கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். உங்கள் பெயரிலும் பெற்றோர் பெயரிலும் கிடக்கும் புள்ளிகளை, விகிதம் சுமார் என்றாலும், அடுத்த டிக்கெட்டிலோ பில்லிலோ கழித்துத் தீருங்கள். ஓராண்டு முன்னறிவிப்பின்றிப் புள்ளியின் மதிப்பைக் குறைக்கக் கூடாது என்ற விதியை ரிசர்வ் வங்கியிடமும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்திடமும் கேளுங்கள். உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதும் பொறுமை இருந்தால் அதில் முதியோர் ரயில் கட்டணச் சலுகையை முதல் வரியாக எழுதுங்கள், புள்ளி விவகாரம் கடைசி வரியில் வரட்டும்.